விடுமுறைப் பயணமும் உடல் எடையும்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளித் தேர்வுகள் முடியும் காலத்திலும் குற்றாலத்தில் சாரல் தொடங்கும் காலத்திலும் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரே கவலை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. போகிற ஊரில் நன்றாகச் சாப்பிட வேண்டும், ஆனால் திரும்பி வரும்போது உடம்பு ஏறியிருக்கக் கூடாது என்பதே அது. இம்முறை இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை வடசென்னையிலிருந்து பல கடிதங்கள் வந்திருந்ததால், அவற்றில் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஓர் உணவியல் ஆலோசகராக எனக்குத் தெரிந்ததைப் பதிலாக எழுதுகிறேன்.

கேள்வி: கோடை விடுமுறையில் குடும்பத்தோடு மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் ஐந்து நாள் போய் வந்தோம். திரும்பிய மறுநாள் காலை எடை பார்த்தால் மூன்று கிலோ கூடியிருந்தது. அடுத்து ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்த முறை வாயைக் கட்டிக்கொண்டு இருந்துவிடலாமா என்று யோசிக்கிறேன். இது சரியா? – வாசகி, இராயபுரம்

வாயைக் கட்ட வேண்டிய தேவை இல்லை, சகோதரி. முதலில் அந்த மூன்று கிலோவைப் பார்ப்போம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், அன்றாடத் தேவைக்கு மேல் ஏறத்தாழ 7,700 கலோரி உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று கிலோவுக்கு இது 23,000 கலோரியைத் தாண்டுகிறது. ஐந்து நாளுக்குப் பிரித்தால், வழக்கமாகச் சாப்பிடுவதற்கு மேல் நாளொன்றுக்கு 4,600 கலோரி வருகிறது. அதாவது நீங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதும் சாப்பிடுவதைப் போல மூன்று மடங்கை ஐந்து நாளும் சாப்பிட்டிருக்க வேண்டும். மதுரையில் எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அது நடந்திருக்காது.

ஆகவே நீங்கள் பார்த்ததில் பெரும்பகுதி நீர்தான். ஓட்டல் உணவில் உப்பு கூடுதலாக இருக்கும். உப்பு உடலில் நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து மிகும்போது உடல் அதில் ஒரு பகுதியைக் கிளைக்கோஜனாக மாற்றிக் கல்லீரலிலும் தசைகளிலும் சேர்த்து வைக்கிறது. அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் சேர்ந்து தங்குகிறது. இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்தே வந்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். வெளியூரில் பலருக்கு மலச்சிக்கலும் வரும். வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாட்களில் இவை தாமாகவே சரியாகிவிடும். எனவே திரும்பிய மறுநாள் எடைக் கருவியில் ஏறாதீர்கள். ஒரு வாரம் கழித்து, காலையில், வெறும் வயிற்றில் பாருங்கள்.

ஒரு வாரத்துக்குப் பிறகும் இறங்காமல் நிற்கிற கால் கிலோவோ அரைக் கிலோவோதான் உண்மையான கூடுதல். அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் 122 பேரை விடுமுறைக்கு முன்பும் பின்பும் எடை பார்த்துச் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. ஒன்று முதல் மூன்று வாரம் வரையிலான விடுமுறையில் அவர்களுக்குச் சராசரியாகக் கூடியது 0.3 கிலோ மட்டுமே. ஆனால் விடுமுறை முடிந்து ஆறு வாரம் ஆன பின்னும் அது குறைந்திருக்கவில்லை. ஒரு பயணத்தில் சேரும் கால் கிலோ யாருக்கும் தெரியாது. ஆண்டுக்கு இரண்டு பயணம், தீபாவளி, பொங்கல், நான்கு திருமணம் என்று கூட்டிப் பத்தாண்டுக்குக் கணக்கிட்டால், நாற்பது வயதில் இருந்த உடம்பு ஐம்பதில் ஏன் இல்லை என்பது புரிந்துவிடும். அதனால்தான் மூன்று கிலோவைக் கண்டு பதற வேண்டாம் என்றும், அந்தக் கால் கிலோவை அலட்சியப்படுத்த வேண்டாம் என்றும் சேர்த்தே சொல்கிறேன்.

இனி அந்தக் கால் கிலோ எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பெரும்பாலோர் பழியைப் பரோட்டாவின் மேலும் அல்வாவின் மேலும் போடுகிறார்கள். என் அனுபவத்தில், ஒரு ஊருக்கு எதைச் சாப்பிடுவதற்காகப் போனோமோ அந்த உணவு நம் எடையைக் கூட்டுவது குறைவு. அந்த உணவுக்கு முன்னும் பின்னும், பசி இல்லாமலே, கவனம் இல்லாமலே வாய்க்குள் போகிறவைதான் கூட்டுகின்றன.

செங்கோட்டை போகும் இரவு ரயிலில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நகர்ந்ததும் சிப்ஸ் பாக்கெட் பிரிகிறது. நூறு கிராம் உருளைக்கிழங்கு சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. காலையில் இறங்கியதிலிருந்து இரவு வரை நான்கு டீ. சர்க்கரையும் பாலும் சேர்த்து ஒவ்வொன்றும் 80 முதல் 100 கலோரி. நடுவில் வெயிலுக்கு 600 மில்லி குளிர்பானப் பாட்டில் ஒன்று. அதில் சர்க்கரை மட்டும் 60 கிராமுக்கு மேல், கலோரி 250. இவை மூன்றையும் கூட்டினாலே 1,100-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. அன்றிரவு குற்றாலத்தில் நீங்கள் ஆசையோடு சாப்பிட்ட இரண்டு பரோட்டாவையும் கோழிக் குழம்பையும் எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ 900 கலோரிதான். பரோட்டாவின் சுவை ஆண்டுக்கணக்கில் நினைவில் நிற்கும். சிப்ஸ் பாக்கெட்டும் நான்காவது டீயும் மறுநாளே நினைவில் இருக்காது. மேலும் அந்தச் சிப்ஸும் குளிர்பானமும் தண்டையார்பேட்டைப் பெட்டிக்கடையிலும் கிடைப்பவை. அவற்றைச் சாப்பிட நாம் தென்காசி வரை போக வேண்டியதில்லை.

ஆகவே குற்றாலத்தில் இப்படிச் செய்யுங்கள். நாளுக்கு ஒரு வேளையை அந்த ஊர்ச் சாப்பாட்டுக்கென்று ஒதுக்கிவிடுங்கள். அருவியில் குளித்து எழுந்த பிறகு பசி வழக்கத்தை விடக் கூடுதலாக இருக்கும். குளிர்ந்த நீரில் நின்ற உடலுக்கு அது இயல்பு. அந்தப் பசியைக் கரையோரம் விற்கும் பஜ்ஜியிலும் மிளகாய் வடையிலும் கரைத்துவிடாமல், நேரே செங்கோட்டைப் பக்கத்துப் பார்டர் பரோட்டாவுக்குக் கொண்டுபோங்கள். மொறுமொறுப்பாகச் சுட்டுப் பிய்த்துப் போட்ட பரோட்டா, சால்னா, நாட்டுக்கோழி என்று உட்கார்ந்து, நிதானமாக, மனநிறைவோடு சாப்பிடுங்கள். கோழியை முதலில் ஓரளவு சாப்பிட்டுவிட்டுப் பரோட்டாவுக்கு வந்தால், மூன்றாவது பரோட்டாவைக் கேட்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது. வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு எட்ட இருபது நிமிடம் வரை ஆகும் என்பதால், அடுத்த தட்டுக்குச் சொல்லும் முன் சற்றுப் பேசிக்கொண்டிருங்கள்.

மற்ற இரு வேளைகளும் எளிமையாக இருக்கட்டும். காலையில் இட்லியோ இடியாப்பமோ, மதியம் சாப்பாட்டுக் கடையில் சாதத்தைக் குறைத்துக் காயையும் ரசத்தையும் மோரையும் கூடுதலாகக் கேட்டு வாங்குவதோ போதும். சாரல் காலத்தில் குற்றாலக் கடைத்தெருவில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவிந்திருக்கும். மாலைத் தின்பண்டத்துக்கு அவற்றை விடச் சிறந்தது எதுவும் இல்லை, நம் ஊரில் அந்தப் புதுமையோடு கிடைக்கவும் கிடைக்காது.

திருநெல்வேலி அல்வாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் சேர்ந்த அந்த அல்வாவைக் கடை வாசலில் சூடாக, வாழை இலைத் துண்டில் ஐம்பது கிராம் வாங்கிச் சாப்பிடுங்கள். அதுதான் அதன் சுவைக்கு உரிய நேரமும் இடமும். எடையைக் கூட்டுவது அந்த ஐம்பது கிராம் அல்ல. ஊருக்கு வாங்கிச் செல்லும் மூன்று கிலோவில், கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுத்தது போக வீட்டில் மிஞ்சி, வருவோர் போவோர் எல்லாம் பத்து நாள் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடும் அந்த ஒரு கிலோதான் கூட்டுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் மணப்பாறை முறுக்குக்கும் ஊட்டி வர்க்கிக்கும் இதுவே பொருந்தும். யார் யாருக்கு என்று எழுதிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுகிறார். பயணத்தில் எல்லோரும் சாப்பிடும்போது அவர் மட்டும் இட்லியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனம் தாங்கவில்லை. ஒரு நாள் இனிப்புச் சாப்பிட்டால் மாத்திரையைக் கூட்டிக்கொள்ளலாமா? – வாசகி, தண்டையார்பேட்டை

மாத்திரையின் அளவை நாமே கூட்டவும் குறைக்கவும் கூடாது, அம்மா. பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்து, எத்தனை நாள், எந்த நேரத்தில் சாப்பாடு, எவ்வளவு நடை என்பதைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியூரில் இவர்களுக்கு இனிப்பை விடவும் பெரிய ஆபத்து, சாப்பாடு தள்ளிப்போவது. சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு உரிய நேரத்தில் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். அப்போது மூன்று டீஸ்பூன் சர்க்கரையையோ குளுக்கோஸையோ தண்ணீரில் கரைத்து உடனே கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். மேல் அடுக்கில் வைத்த பெட்டிக்குள் இருந்து பயனில்லை.

அவரும் எல்லோரோடும் சாப்பிடலாம். முதலில் காய், பிறகு மீனோ கோழியோ முட்டையோ, கடைசியில் மாவுச்சத்து என்ற வரிசையில் சாப்பிட்டால், அதே உணவுக்கு இரத்தச் சர்க்கரை குறைவாகவே ஏறுகிறது. சாப்பிட்டதும் அறைக்குப் போய்ப் படுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடந்தால் இன்னும் நல்லது. அல்வாவோ ஜிகர்தண்டாவோ சுவைத்துப் பார்க்க விரும்பினால், வெறும் வயிற்றில் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பின், சாதத்தை அந்த வேளை குறைத்துக்கொண்டு, உங்கள் பங்கிலிருந்து இரண்டு மூன்று கரண்டி எடுத்துக்கொள்ளட்டும். இதை அவர் ஒளிந்து சாப்பிடாமல் உங்கள் எதிரிலேயே மகிழ்ச்சியோடு சாப்பிடும்படி வீட்டார் நடந்துகொள்ள வேண்டும் என்பதை வலியுறுத்தியே சொல்கிறேன். ஒளிந்து சாப்பிடும்போதுதான் அளவு தப்புகிறது.

பாறையிலும் மணலிலும் கோயில் பிராகாரத்தின் சூடான கல்லிலும் வெறுங்காலோடு நடப்பதில் அவருக்குக் கவனம் வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டதும் கீறியதும் தெரியாது. இரவில் இரு பாதங்களையும் பாருங்கள். இன்சுலின் போடுகிற வாசகர்களும் இருப்பார்கள் என்பதால் ஒரு குறிப்பு: பயன்பாட்டில் உள்ள இன்சுலினைப் பொதுவாக 25 முதல் 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் நான்கு வாரம் வரை வெளியில் வைத்திருக்கலாம், ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிடவோ, ஐஸ் கட்டியோடு நேரடியாகப் படும்படி வைக்கவோ கூடாது.

கேள்வி: நாங்கள் எங்கும் போகவில்லை. கோவையிலிருந்து என் அண்ணன் குடும்பம் மே மாதம் பத்து நாள் எங்கள் வீட்டுக்கு வருகிறது. அத்தோ, முறுக்கு சாண்ட்விச், காசிமேட்டு மீன், பிரியாணி என்று இப்போதே பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களோடு சேர்ந்து நாங்களும் தினமும் வெளியில் சாப்பிட வேண்டியிருக்கும். எப்படிச் சமாளிப்பது? – வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

அருமையான பட்டியல்; அதில் எதையும் வெட்ட வேண்டாம். நம் பகுதியின் உணவைத் தேடி ஒருவர் அவ்வளவு தொலைவிலிருந்து வருவது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தருகிறது. வடசென்னையை வெறும் துறைமுகமும் நெரிசலுமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே எத்தனை விதமான மக்கள் எத்தனை விதமான அடுப்புகளோடு வந்து சேர்ந்தார்கள் என்பதை உணவு ஒன்றே சொல்லிவிடும். பத்து நாள் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மாலையில் அடுக்காமல், ஒரு மாலைக்கு ஒரு தெரு என்று வைத்துக்கொள்ளுங்கள். எடைக்கும் அதுதான் நல்லது, சுவைக்கும் அதுதான் நல்லது.

அத்தோவில் தொடங்குங்கள். 1960-களில் பர்மாவிலிருந்து திரும்ப நேர்ந்த தமிழர்கள் கொண்டுவந்த உணவு இது. பாரிமுனைக்கு அருகே, பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் சாலையில் மாலை நேரத்தில் தள்ளுவண்டிகளில் கிடைக்கும். வேகவைத்த நூடுல்ஸோடு பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், எலுமிச்சை, மிளகாய்த்தூள், வறுத்த பூண்டு, நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பாக எண்ணெயில் பொரித்த தட்டை போன்ற பண்டம்) ஆகியவற்றைக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். வாணலியில் எண்ணெய் ஊற்றிப் புரட்டுகிற நூடுல்ஸோடு ஒப்பிட்டால் இது இலகுவானது. எண்ணெய் வருவது தாளித்து மேலே ஊற்றும் கரண்டியிலிருந்தும் பேஜோவிலிருந்தும்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. முட்டைக்கோஸைக் கூடுதலாகவும் எண்ணெயைக் குறைவாகவும் போடச் சொன்னால் தயங்காமல் செய்து தருவார்கள். கூடவே தரும் வாழைத்தண்டுச் சூப்பை விட்டுவிடாதீர்கள். வறுத்த வெங்காயம் அடைத்துப் புளித்தண்ணீர் விட்ட அவித்த முட்டை ஒன்றும் சேர்ந்தால், முட்டையிலிருந்து மட்டும் ஆறு கிராம் புரதம் கிடைக்கிறது. அது இரவுச் சாப்பாடாகவே போதும். வீட்டுக்கு வந்து மறுபடி தோசை ஊற்ற வேண்டாம். வெளியில் சாப்பிட்டதைச் சாப்பாடாகவே எண்ணாமல், வீட்டில் இன்னொரு முறை இலை போடுவது நம் குடும்பங்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. எடை கூடுவதற்கு இதை விடப் பெரிய காரணத்தை நான் கண்டதில்லை.

சௌகார்பேட்டைக்கு இன்னொரு மாலை. தங்கசாலைத் தெருவிலும் அதையொட்டிய சந்துகளிலும் கச்சோரி, ஜிலேபி, ஆலு டிக்கி, லஸ்ஸி, பாதாம் பால் என்று பத்தடிக்கு ஒன்று கண்ணை இழுக்கும். சிறு முறுக்கு இரண்டின் நடுவே வெள்ளரி, தக்காளி, வெங்காயம், பச்சைச் சட்னி வைத்துத் தரும் முறுக்கு சாண்ட்விச் அங்கே பிறந்து புகழ்பெற்றது. சீஸ் துருவாமல் கேட்டால் அது சிறு தின்பண்டத்தின் அளவிலேயே நின்றுவிடும். இத்தெருவில் ஆளுக்கொரு தட்டு வாங்கக் கூடாது. ஆறு பேர் போனால் ஒவ்வொன்றிலும் இரண்டு தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். நம் பகுதியில் சிநேகிதர்கள் ஒரே தட்டைச் சுற்றி நின்று சாப்பிடுவது வறுமையாலும் அன்பாலும் வந்த பழக்கம்; அதைக் குடும்பங்களும் கைக்கொண்டால் ஐந்து வகையும் சுவைக்கலாம், ஒருவருக்கும் வயிறு திணறாது. லஸ்ஸி, பாதாம் பால் இரண்டில் ஒன்றை மட்டும் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். குடிப்பதால் வரும் கலோரியை வயிறு சாப்பாடாக உணர்வதில்லை.

காசிமேட்டைப் பொறுத்தவரை உங்கள் விருந்தினர் மே மாதத்தில் வருவதை மறந்துவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகா. வஞ்சிரமும் வவ்வாலும் குறைந்து விலை ஏறியிருக்கும். ஆனால் ஃபைபர் படகுகள் கரையோரத்தில் பிடித்து வரும் நெத்திலியும் மத்தியும் கானாங்கெளுத்தியும் கிடைக்கும், அவை உடலுக்கு இன்னும் நல்லவை. மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. விடியற்காலையில் அண்ணன் குடும்பத்தை அழைத்துப்போய்ப் படகு வந்து சேர்வதையும் ஏலத்தையும் காட்டி, மீனை வாங்கி வந்து வீட்டிலேயே மாங்காய் போட்டுக் குழம்பு வையுங்கள். வறுக்க வேண்டுமென்றால் மசாலா தடவித் தோசைக்கல்லில் இரண்டு கரண்டி எண்ணெயில் திருப்பிப் போட்டு எடுக்கலாம். கடைகளில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் மூழ்கி எழும் மீனை விட அது எவ்வளவோ மேல். சுறா கிடைத்தால் புட்டு செய்யுங்கள். கோவைக்காரர்களுக்கு அது புதிதாக இருக்கும்.

பிரியாணியை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மாலை முழுவதும் நடமாட்டம் இருக்கும். கறித்துண்டும் தயிர் வெங்காயமும் கத்தரிக்காய்த் தொக்கும் கூடட்டும், சோறு குறையட்டும். செரிக்கும் என்று சொல்லிக்கொண்டு மேலே குடிக்கும் குளிர்பானம் செரிமானத்துக்கு எந்த உதவியும் செய்வதில்லை. ஒரு பாட்டில் சர்க்கரையைத்தான் சேர்க்கிறது. அன்றிரவு பசித்தால் மட்டும் மோரோ ஒரு பழமோ போதும். வீட்டில் சமைக்கும் வேளைகளில் கீரையும் அவரையும் சுரைக்காயும் பாசிப்பருப்பும் இருக்கட்டும். வெளிச்சாப்பாட்டுக்கு அடுத்த நாள் விருந்தினரும் அதைத்தான் விரும்புவார்கள்.

கேள்வி: நண்பர்களோடு புதுச்சேரி போகிறோம். தங்கும் விடுதியில் காலை பஃபே இலவசம். மதியச் சாப்பாட்டுச் செலவை மிச்சப்படுத்தக் காலையிலேயே நிறையச் சாப்பிட்டுவிடுவது வழக்கம். இது தவறா? – வாசகர், பெரம்பூர்

மதியம் உண்மையாகவே சாப்பிடாமல் இருந்தால் தவறில்லை, தம்பி. ஆனால் பெரும்பாலும் காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, மதியமும் பழக்கத்தால் சாப்பிடுகிறோம். தட்டை எடுக்கும் முன் ஒரு சுற்று சுற்றி, என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் பாருங்கள். முட்டை, பழம், இட்லி, பொங்கல் போன்றவற்றில் விருப்பமான இரண்டு மூன்றை எடுத்துக்கொண்டு, வரிசைக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி உட்காருங்கள். பழச்சாறு என்று வைத்திருப்பதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், பழத்தையே சாப்பிடலாம்.

நண்பர்களோடு போகும் பயணம் என்பதால் மதுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுவில் உள்ள ஆல்கஹால் ஒரு கிராமுக்கு ஏழு கலோரி, ஏறத்தாழ கொழுப்புக்கு அடுத்த நிலையில். நான் மேலே குறிப்பிட்ட ஜார்ஜியா ஆய்விலும் விடுமுறையில் வெகுவாகக் கூடியிருந்தது மது அருந்துவதுதான். அதோடு வரும் சில்லி சிக்கனும் வறுத்த கடலையும், மறுநாள் கெட்டுப்போகும் தூக்கமும் தனிக்கணக்கு. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. மறுநாள் முழுவதும் எதைப் பார்த்தாலும் சாப்பிடத் தோன்றும். குடிக்காமல் இருப்பதே நல்லது. கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நடந்து பாருங்கள், நான்கு கிலோமீட்டர் நடந்தால் உங்கள் எடைக்கேற்ப ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். அது ஒரு பரோட்டாவுக்குக்கூட முழுதாக ஈடாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். நடப்பதைச் சாப்பாட்டுக்குத் தண்டனையாக எண்ணாமல், ஊரைப் பார்க்கும் வழியாக வைத்துக்கொண்டால் நீடிக்கும்.

கேள்வி: விடுமுறைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் என் நாத்தனார் வீட்டுக்குப் போவோம். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். போதும் என்ற பிறகும் இலையில் விழுகிறது. வீணாக்கவும் மனம் வரவில்லை. – வாசகி, திருவொற்றியூர்

அவர்கள் கோபிப்பது நீங்கள் குறைவாகச் சாப்பிடுவதால் அல்ல, தங்கள் சமையல் பிடிக்கவில்லையோ என்ற ஐயத்தால். எனவே முதல் கவளத்திலேயே பிடித்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டிவிடுங்கள். “அண்ணி, இந்த வத்தக்குழம்பு பிரமாதம், நாளைக்கும் இதையே வையுங்கள்” என்று சொன்னால், இன்றைக்கு இரண்டாம் முறை வாங்காததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெதுவாகச் சாப்பிடுங்கள், இலை காலியானால்தான் பரிமாறும் கை நீளும். சாதம் வைக்கும்போதே பாதி போதும் என்று கையைக் குறுக்கே காட்டிவிட்டு, பொரியலையும் கூட்டையும் நீங்களே மறுமுறை கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற விருந்தாளியை யாருக்கும் பிடிக்கும். சமையலறையில் உதவிக்குப் போனால் இன்னும் வசதி. உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நீங்களே பரிமாறிக்கொள்ளலாம். மதியம் பலமாகச் சாப்பிட்டிருந்தால் மாலைப் பலகாரத்தை டீ இல்லாமல் ஒரு துண்டோடு நிறுத்திக்கொண்டு, கொல்லைப்புறமோ வாய்க்கால் கரையோ பிள்ளைகளோடு ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: பலமாகச் சாப்பிட்ட பின் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்கிறார்களே? – வாசகி, எண்ணூர்

கரையாது. நாவுக்கு இதமாக இருந்தால் குடிக்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: பயணம் முடிந்து வந்ததும் ஒரு வாரம் பட்டினி கிடந்து பழைய எடைக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். மறுபடி ஏறிவிடுகிறது. வேறு வழி உண்டா? – வாசகர், வியாசர்பாடி

பட்டினியில் முதலில் இறங்குவது நான் முதல் பதிலில் சொன்ன நீர்தான், ஐயா. அது பட்டினி இல்லாமலும் இறங்கியிருக்கும். பட்டினியின் முடிவில் வரும் பசி, பயணத்தில் சாப்பிட்டதை விடக் கூடுதலாகச் சாப்பிட வைத்துவிடுகிறது. பலருக்கு இரண்டாவது கால் கிலோ அங்கேதான் சேர்கிறது. ஊர் திரும்பிய மறுநாளே, வழக்கமான நேரத்தில் வழக்கமான சாப்பாட்டைத் தொடங்கிவிடுங்கள். குறைக்க வேண்டுமென்றால் ஒரு பத்து நாள் டீயில் சர்க்கரையையும், மாலை நொறுக்குத் தீனியையும், இரவுச் சாதத்தில் ஒரு கரண்டியையும் குறைத்தால் போதும்.

காலைக்கு நம் தெருமுனைக் கூழ் வண்டியை விடச் சிறந்த இடம் இல்லை. முந்தைய நாள் இரவே கரைத்துப் புளிக்க வைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழில் மோரும் சின்ன வெங்காயமும் சேரும்போது, நீரின் அளவு கூடுதலாக இருப்பதால் குறைந்த கலோரியிலேயே வயிறு நிறைகிறது. கேழ்வரகு நூறு கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் தானியங்களில் இதற்கு நிகர் அரிது. தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த மோர்மிளகாயையும் அப்பளத்தையும் அடுக்காமல், மாங்காய்த் துண்டையோ கீரையையோ எடுத்துக்கொள்ளுங்கள். நெத்திலிக் கருவாடு நல்ல புரதம், ஆனால் உப்பு மிகுந்தது. ஒரு நாளைக்கு எல்லா உணவிலும் சேர்த்து உப்பு ஐந்து கிராமைத் தாண்டக் கூடாது என்பதால் இரண்டு மூன்று துண்டோடு நிறுத்துங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கருவாட்டை ஊறவைத்துக் கழுவிய பின்னும் குறைவாகவே சாப்பிட வேண்டும்.

எடைக் கருவியோடு ஒரு அளவு நாடாவையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். நம் நாட்டவருக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டருக்கும் பெண்களில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் இடுப்புச் சுற்றளவு போனால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்புக் கூடுகிறது. நீர் ஏறி இறங்குவதால் எடை நாளுக்கு நாள் மாறும். இடுப்பு அவ்வளவு விரைவில் மாறாது. பயணத்துக்கு முன் ஒரு முறையும், திரும்பி மூன்று வாரம் கழித்து ஒரு முறையும் அளந்து, இரண்டையும் குறித்துக்கொண்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.